சத்தம் கேட்டால் கனவு

ஷிஃப்ட் வேலைக்காரர்களின் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சில விஷயங்களை விளக்க வேண்டியதில்லை. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கதவிடுக்கில் மடித்து வைத்த பழைய துணி. பட்டப்பகலிலும் இழுத்து விட்ட திரை. பள்ளி விட்டு வந்ததும் வாசலிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும் செருப்பு. "அப்பா தூங்குறாரு" என்று நாளுக்கு நாற்பது முறை காதில் விழும் கிசுகிசுப்பு. என்னைப் போல அப்படி வளர்ந்த உங்களுக்கும் இப்போது நாற்பத்தைந்துக்கு மேல் ஆகியிருக்கும். உங்கள் பிள்ளைகள் வீட்டில் கத்தும்போது, உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்று ஒரு கணம் உங்களுக்கும் பதறுகிறதா? எனக்குப் பதறுகிறது. எங்கள் வீட்டில் பகலில் தூங்குகிறவர் யாரும் இல்லை.

நான் ஒரு குழப்பத்தில் இருந்தேன். இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. ஒழுங்காகச் சொல்ல வருமா என்று தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன்பு, செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம், டியூஷன் விட்டு வந்த என் மகள் ரோட்டைக் கடக்கும்போது பாதியில் நின்றுவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எதிர்ப்பக்கம் நான் ஸ்கூட்டரோடு காத்திருந்தேன். இடது உள்ளங்கையை விரித்து, வலது கை ஆள்காட்டி விரலை அதில் அழுத்திக்கொண்டு, விடைத்தாளைச் சரிபார்ப்பவள் போல நிதானமாக நின்றாள். டவுன் பஸ் ஒன்று அவளுக்கு இரண்டு முழம் தள்ளிக் குலுங்கி நின்றது.

"இன்னா பாப்பா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று டிரைவர் ஜன்னல் வழியாகக் கத்தினார். "நடு ரோட்ல நின்னு ரேகை பாத்துகினு கீற!"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் அவளை இழுத்து வந்து அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தேன். அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னாள்: "கனவான்னு செக் பண்ணேம்மா."

விரல் உள்ளங்கைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால் கனவு. வராவிட்டால் நிஜம். பகலில் பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்து பழகினால் தூக்கத்திலும் கை தானாகச் செய்துவிடும். அப்போது, இது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அதற்குள் விழிப்போடு நடக்கலாம், நினைத்ததைச் செய்து பார்க்கலாம். ஃபோனில் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான்கு மாதமாக நடக்கிறது. காலையில் எழுந்ததும் எழுதி வைக்க ஒரு பச்சை அட்டை நோட்டு. அதில் படங்கள், பாதியில் நிற்கும் கதைகள், ஒரு பாட்டுக்கு நான்கு வரி.

"அதை ரோட்ல எதுக்குடி பண்ண?"

"ஒரு நாய் என்னையே பாத்துச்சு. அதுக்கு நிழலே இல்லாத மாதிரி இருந்துச்சு. டவுட் வந்துச்சு."

நோட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அலுவலகத்தில் விசாரித்து ஒரு மனநல மருத்துவரிடம் தேதி வாங்கினேன். அவள் அப்பா ஓசூரில் வேலை பார்க்கிறார். "காட்டிடு, அதுதான் நல்லது" என்று ஃபோனில் சொன்னார். மகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். "சாப்பாடு வேணும்", "கதவைத் தாப்பா போடு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கனவா என்று பார்த்தேன் என்று அவள் சொன்னபோது அது எனக்குப் புரியாத பேச்சாக இல்லை. பத்து வயதில், ஒரே ஒரு கோடையில், நானும் அங்கே போய் வந்தவள். இதை அவளிடம் சொல்வதா? சொன்னால் இன்னும் ஆழமாக இறங்கிவிடுவாளா? சொல்லாமல் டாக்டர் எதிரில் உட்கார வைத்து, "இவளுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல டாக்டர்" என்று என்னால் சொல்ல முடியுமா? அந்தத் தேதி வரை வேறு நினைப்பே இல்லை.

அது ஒரு மே மாதம். எங்கள் குடியிருப்பு அப்போது புதிது. கடற்கரையில் இருந்த அணுமின் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்காகச் சவுக்குத் தோப்பை ஒட்டிக் கட்டியது. நட்ட மரங்கள் எங்கள் இடுப்பு உயரம்கூட இல்லை. நாங்கள் இருந்தது முதல் மாடியில். எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அப்பாவுக்கு வேலை ஆலைக்கு வெளியே, காற்றை அளக்கும் கோபுரத்தின் அடியில் இருந்த கருவி அறையில். எந்த நேரம், எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்று ஒரு முள், கட்டம் போட்ட காகிதச் சுருளில் சிவப்பு மையால் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். முள் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தீர்ந்த சுருளை மாற்ற வேண்டும். இதுதான் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட், அந்த மே மாதம் முழுக்கவே இரவு. காலை ஏழரைக்கு வந்து, குளித்து, இட்லி தின்று, பத்து மணிக்குப் படுத்தால் மாலை நான்கு வரை வீடு மூச்சு விடாது.

மீன்காரம்மாகூடக் கூவக் கூடாது. கேட் கம்பியை விரல் நகத்தால் தட்டுவார்.

"அண்ணாத்த தூங்குறாராக்கா? இன்னா வூடுக்கா இது, மீனு கூட சத்தமில்லாம செத்தாத்தான் உங்க வூட்டுக்கு வரணும் போலக்கீது" என்று குரலே இல்லாமல் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் குரல் இல்லாமல் சிரிப்பாள்.

விடுமுறையில் என்னைச் சமாளிக்க அம்மா கண்டுபிடித்த வழி, என்னையும் படுக்க வைப்பது. "தூக்கம் வரலன்னாலும் தூங்குற மாதிரி படு" என்பாள். கூடத்தில் பாய். வயிற்றில் மோர்ச்சோறு. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்' என்னும். திரைக்குப் பின்னால் வெயில் ஆரஞ்சுத் தோல் நிறத்தில் நிற்கும். அந்தத் தூக்கம் பாலில் படியும் ஆடை போல மெல்லியது.

ஒரு மதியம் மிக்ஸி ஓடியது. கூடவே அம்மா உரக்கப் பாடினாள். படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா தூங்குகிறார் என்பது ஞாபகம் வந்தது. அப்பா தூங்கும்போது எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாது. அப்படியானால் இது எங்கள் வீடு இல்லை, இது கனவு.

எழுந்து உட்கார்ந்தேன். கனவுக்குள்தான். பாயின் கோரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் செய்த முதல் காரியம் கத்தியது. 'ஆ' என்று அடிவயிற்றிலிருந்து. யாரும் 'உஷ்' சொல்லவில்லை. சந்தோஷம் தாங்காமல் விழித்துவிட்டேன். மின்விசிறி 'டக்' என்றது.

அதன் பிறகு மதியத் தூக்கத்துக்கு நானே காத்திருந்தேன். அம்மா என்னைப் பற்றி மீன்காரம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டால் கனவு. குக்கர் விசில், சைக்கிள் மணி, கதவு அறையும் சத்தம், எது கேட்டாலும் எழுந்துவிடுவேன். குதூகலித்தால் கனவு கலைந்துவிடும் என்று கற்றுக்கொண்டேன். உடனே தரையைப் பார்க்க வேண்டும். சிமென்ட்டின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பால்கனிச் சுவரில் ஏறி ஒரு எட்டு வைத்தால், விழ மாட்டேன். சவுக்குத் தோப்பின் தலைக்கு மேல் தாழ்வாகப் போவேன். வலது பக்கம் கடல், இடது பக்கம் உப்பளத்தின் வெள்ளை. தூரத்தில் மாமல்லபுரம்.

எல்லாம் நான் சொன்னபடி நடக்கவில்லை. மாமல்லபுரத்துக் கல் யானையை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. அதட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் அலுத்துப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து, 'அது நடந்து எனக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும்' என்று சும்மா நினைத்துக்கொண்டேன். தோளில் மூச்சுக்காற்று பட்டது. மீன் கூடையின் ஈர ஓலை போல ஒரு வாடை அடிக்குமென்று எதிர்பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை. கனவில் எனக்கு ஒருபோதும் வாசனை வந்ததில்லை.

எழுந்ததும் வரைவேன். அப்பா கழித்துப் போட்ட காற்றுச் சுருள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார், பலகாரம் மடிக்க. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வெற்றுக் காகிதமாக இருந்திருந்தால் வரைந்திருப்பேனா, தெரியாது. அந்தச் சிவப்புக் கோடு நடுங்கி நடுங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதையே மலைமுகடாக, அலையாக, யானையின் முதுகாக வைத்துக்கொண்டு மீதியை நிரப்பினேன். ஒரு நாளைக்கு ஒரு சாண் நீளம். மை ஒட்டிய விரலை நக்கி நக்கிச் சுருளை நகர்த்துவேன். துடுப்பை ஊன்றி நடக்கும் படகுகள், பாய் போலச் சுருட்டிச் சாத்தி வைத்த கடல், அது இருந்த இடத்தில் தெரு, தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு. மாதக் கடைசியில் விரித்தால் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை வந்தது.

அப்பா ஒரு நாள் அதைக் குனிந்து பார்த்தார். என் படங்களைப் பார்க்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன். சிவப்புக் கோடு ஓரிடத்தில் செங்குத்தாகத் தாவும். அங்கே நான் ஒரு பெண்ணைத் தாவ விட்டிருந்தேன். அவர் விரலை அங்கே வைத்தார். "இது மத்தியானம் பன்னெண்டு மணி. கடக்காத்து உள்ள வர்ற நேரம்" என்றார். அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாளோ, அடுத்த வாரமோ, கனவில் வெளியே போகாமல் அப்பாவின் அறைக்குள் போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். காதருகே போய்க் கத்தினேன். "ஏம்பா எப்பப் பாத்தாலும் தூங்குற?" அவர் திரும்பவில்லை. "நான் தூங்கலயே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கனவில் வருகிறவர்கள் இப்படித்தான் அசட்டுத்தனமாகப் பேசுவார்கள். அதையும் வரைந்தேன். முதுகு மட்டும்.

மாதக் கடைசியில் கடப்பாக்கத்திலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. கடற்கரையில் ஏலம் கேட்டுப் பழகிய குரல்.

"இன்னாக்கா இது, வூடா ஆஸ்பத்திரியா? மாமா இன்னா கைக்கொயந்தயா, தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி!"

அம்மா ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

இரண்டாம் நாள் மதியம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் பாயில் தூங்கிப் போயிருந்தேன். சித்தி மீன் குழம்புக்கு மிளகாய் அரைக்க மிக்ஸியை ஓடவிட்டாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். மிக்ஸி ஓடுகிறது, உள்ளே அப்பா. வேறு எதையும் சரிபார்க்கத் தோன்றவில்லை. ஒரு மாதமாக அந்த விதி ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தரையைப் பார்த்தேன், குளிர்ச்சி ஏறியது. பால்கனிக்குப் போனேன். சுவரில் ஏறினேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. 'அட, இன்னைக்கு வாசனைகூட வருதே' என்று மகிழ்ந்தேன்.

கீழே சாக்கடை மூடியின் சிமென்ட் பலகை, அதன்மேல் யாருடையதோ சைக்கிள். வலது காலை எடுத்துவிட்டேன்.

பின்னலைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். பின்பக்கமாக அப்பாவின் மேல் விழுந்தேன். அவருடைய பனியன் நனைந்திருந்தது. நெஞ்சு அடிப்பது என் முதுகுக்குத் தெரிந்தது. சித்தி மிளகாய்க் கையோடு ஓடிவந்து, "ஐயோ, இன்னா மாமா? இன்னா ஆச்சு?" என்றாள்.

"எதுக்கு ஏறின?" என்றார் அப்பா.

"கனவுன்னு நெனச்சேன்."

அவர் என்னை அடிக்கவில்லை. பின்னலை மட்டும் விடவில்லை. அம்மா வரும் வரை, வந்து அழுது முடிக்கும் வரை, அதைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் விசாரணை நடந்தது. ஒரு மாதக் கதையையும் சொன்னேன். சித்தி, "காத்து கருப்பு அடிச்சிக்கீதுக்கா. எங்கூர்ல வந்து மந்திரிச்சிக்கினு போ, சரியாப் பூடும்" என்றாள். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நாங்கள் அணு ஆலைக் குடியிருப்பில் இருந்தவர்கள் இல்லையா, எங்கள் வீட்டுப் பயம் வேறு, கதிர்வீச்சுப் பயம். அம்மா என் தலையணைக்கு அடியிலிருந்து சுருளை எடுத்து அப்பாவின் முன்னால் போட்டாள்.

"இத எங்கிருந்து கொண்டாந்தீங்க? இது வந்த பிறகுதான் இவளுக்கு இப்படி. நக்கி நக்கித் தள்ளறா."

"அது வெளியில இருக்கிற கோபுரம். வெறும் காத்து. அதுல ஒண்ணும் இருக்காது."

"காத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காற்றை அளப்பதையே வேலையாகக் கொண்டவர் குனிந்து சுருளை எடுத்தார். மறுநாள் காலையில் சுருளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவருடைய நண்பர் ஒருவர் ஓர் ஆய்வகத்தில் இருந்தார். சுற்றுவட்டாரத்து மீன், பால், கீரை எல்லாவற்றையும் வாங்கி வந்து, அவற்றில் கதிர்வீச்சு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

மூன்றாம் நாள் அப்பா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். அவர் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல" என்றார் வாசலிலேயே. பகல் வேளையில் உரத்த குரலில். "சுத்தமா ஒண்ணுமில்ல. மண்ணுல, உப்புல, எங்கயும் இருக்கிற அளவுதான்."

அம்மா சாமி படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சுருள் எங்கப்பா?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியை எடுத்தார். மூடியில் ஏதோ ஓர் எண் எழுதியிருந்தது. உள்ளே ஒரு தேக்கரண்டி அளவுக்குச் சாம்பல்.

"சாம்பலாக்கினாத்தாம்மா எண்ண முடியும்" என்றார் பாடம் சொல்லித் தருவதுபோல. "மீனு, பாலு, எல்லாத்தையும் அப்படித்தான் பண்ணுவாங்க."

அவர் முகம் மலர்ந்திருந்தது. என்னிடமிருந்து எதையும் எடுத்துவிட்டதாக அவருக்குக் கடைசி வரை தெரியாது என்றே நினைக்கிறேன். டப்பியைக் கழுவி அம்மா பெருங்காயம் போட்டு வைத்தாள். எனக்குப் புதிதாக ஒரு டிராயிங் நோட்டு வந்தது. வழவழப்பான வெள்ளைத் தாள். அதில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கனவில் சத்தம் கேட்டால் கண்ணை இறுக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கப் பழகினேன். பள்ளி திறந்தது. பிறகு சத்தம் கேட்பதும் நின்றுபோனது.

இதெல்லாம் உண்மையில் இப்படித்தான் நடந்ததா? அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. போன வாரம் அம்மாவைக் கேட்டேன். திருக்கழுக்குன்றத்தில் தனியாக இருக்கிறாள். பேத்தியைப் பற்றி எதுவும் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"நான் பால்கனி சுவத்துல ஏறினது ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லாம? அத மறக்க முடியுமா?"

"மிக்ஸி சத்தத்துல அப்பாவுக்கு முழிப்பு வந்ததாலதான் நான் பொழச்சேன்."

"உங்கப்பா எங்கடி தூங்கினாரு?"

அம்மா சாவகாசமாகச் சொன்னாள். "பகல்ல அந்த மனுசனுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வராது. செவுத்தப் பாத்துகினு படுத்திருப்பாரு. சொன்னா ஷிஃப்டுக்கு லாயக்கில்லன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப எதுக்கும்மா என்னை ஊமையாட்டம் வச்சிருந்த?"

"தூங்குறாருன்னு நாம எல்லாரும் நம்பினா ஒரு நாளைக்கு வந்துடும்னு நெனச்சேன்." பிறகு, "தூங்கியிருந்தா ஒரே எட்டுல வந்து உன் சடையப் புடிச்சிருப்பாரா? அதச் சொல்லு" என்றாள்.

"அந்தச் சுருள எரிச்சிட்டாங்களே, அது?"

"எந்தச் சுருள்?"

அம்மாவுக்குச் சுருளும் ஞாபகமில்லை, சாம்பலும் ஞாபகமில்லை. பெருங்காய டப்பி ஞாபகம் இருக்கிறது. அது கடையில் வாங்கியது என்கிறாள்.

அப்படியென்றால், 'நான் தூங்கலயே' என்று அன்று கனவில் சொன்னது யார்? அப்பா இல்லை. அப்பா அடுத்த அறையில் வாய் திறக்காமல் படுத்திருந்தார். சொன்னது நான்தான். பத்து வயதில் எனக்கு அது தெரிந்திருக்கிறது. கதவிடுக்கில் அவர் கால் விரல் ஆடிக்கொண்டே இருந்ததைப் பார்த்திருப்பேன், குறட்டை வராததைக் கவனித்திருப்பேன். விழித்திருக்கும்போது எனக்குத் தெரியாத ஒன்றை நானே எனக்குச் சொல்ல அந்த ஓரிடம்தான் இருந்தது. அதையும் அசட்டுப் பேச்சு என்று சிரித்துவிட்டேன். இந்த முப்பத்தைந்து வருடத்தில் அப்படி இன்னும் எத்தனையைக் கண்ணை இறுக்கிக்கொண்டு கேட்காமல் விட்டேன் என்று தெரியாது. அதே சமயம் அந்தச் சைக்கிளும் சிமென்ட் பலகையும் கண்ணை விட்டுப் போவதில்லை. இரண்டும் ஒரே கோடையில் நடந்தவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை விட எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் பேசிய அன்றே பீரோவைத் திறந்து மகளின் நோட்டைப் படித்தேன். படிக்கக் கூடாது, தெரியும். நிறைய இடங்கள் எனக்குப் புரியவில்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற இடத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறாள் போல. வடிகட்டி எடுத்த கடல் உப்பெல்லாம் ஒரு ராணியாகி அதிகாரியிடம் மனு கொடுக்க வரிசையில் நிற்பதாக ஒரு கதை. சிரித்துவிட்டேன். இதை என் மகளா எழுதினாள்? அடுத்த பக்கத்தில் இப்படி இருந்தது: 'இன்னிக்கு கனவுன்னு தெரிஞ்சிடுச்சு. வீட்டுக்குள்ள போனேன். அம்மா கிச்சன்ல நின்னுட்டு இருந்தாங்க. திரும்பிப் பாத்தாங்கன்னா எல்லாம் கலைஞ்சிடும். செருப்பக் கையில எடுத்துக்கிட்டு சத்தம் போடாம வெளிய போயிட்டேன்.'

டாக்டரைப் பார்க்கும் நாள் சனிக்கிழமை. ஸ்கூட்டரில் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவளின் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது.

"எனக்கும் அது வந்திருக்கு" என்றேன்.

"எது?"

"கனவுக்குள்ள முழிப்பு. உன்னவிடச் சின்ன வயசுல."

"டாக்டர்ட்ட நான் ஒழுங்காப் பேசணும்னு ஐஸ் வைக்கிற."

"சத்தியமா."

பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாய்மொழித் தேர்வு நடத்துகிறவள் போலக் கேட்டாள். "கனவுன்னு தெரிஞ்சதும் ரொம்ப குஷியாயிட்டா என்ன ஆகும்?"

"கலைஞ்சிடும்."

"கலையாம இருக்க?"

"தரையப் பாக்கணும். கால்ல சில்லுன்னு ஏறுற வரைக்கும்."

"நான் ரெண்டு கையையும் தேய்ப்பேன்" என்றாள் மெதுவாக. "சரி, ஏதாவது வேணும்னா?"

"கேட்டா வராது. முதுகத் திருப்பிக்கிட்டு, அங்க இருக்கும்னு நெனச்சுக்கணும்."

சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "இது எனக்குத் தெரியாது" என்றாள்.

ரயில் வரும் வரை சொன்னேன். மிக்ஸி, மிளகாய் நெடி, பின்னல். கூட்ஸ் வண்டி என்பதால் சாம்பல் வரைக்கும் சொல்ல நேரம் இருந்தது.

"எரிச்சே போட்டாங்களா? மொத்தமும்?"

"மொத்தமும்."

"அப்பறம் ஏம்மா என்னை அடிச்ச?"

"பஸ் வந்துச்சுடி."

"நோட்டப் புடுங்கினியே, அதுக்கு எந்த பஸ் வந்துச்சு?"

கேட்டைத் தூக்கிவிட்டார்கள். பின்னாலிருந்து எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஆட்டோக்காரர், "வண்டிய எடும்மா, பஞ்சாயத்த வூட்ல போயி வெச்சுக்கலாம்" என்றார். தண்டவாளத்தைத் தாண்டிய பிறகு சொன்னேன்.

"ரோட்ல மட்டும் செக் பண்ணாத. மாடியிலயும் கூடாது."

"ம்."

"நோட்டு என் கைப்பையில இருக்கு. எடுத்துக்கோ."

"டாக்டர்ட்ட குடுக்கத்தானே எடுத்தாந்த?"

"ஆமா. இனிமே குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம்."

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

டாக்டரின் வாசலில் ஓர் அம்மா டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்குமா பாக்கணும்? பாப்பாவுக்கா, உனுக்கா?"

பாப்பாவுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும்" என்றேன்.

"அப்ப ரெண்டு டோக்கன் வாங்கிக்கோ. ஒரே டோக்கன்ல ரெண்டு பேரு போனா டாக்டரு என்னத்தான் கேப்பாரு. ஓரமாக் குந்து, வழிய மறிச்சிகினு நிக்காத."

பதினேழு, பதினெட்டு. பெஞ்சில் உட்கார்ந்தோம். மகள் என் கையிலிருந்த இரண்டு அட்டைகளையும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பதினேழை என் மடியில் வைத்தாள்.

"நீ மொதல்ல போ" என்றாள்.